கல்குவாரி போடப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கரூர், நாமக்கல் பக்கம் புதிதாகக் கல்குவாரி போட வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மாட்டிக்கொள்கிறார்கள். மேலே பாறை தெரிகிறது, பக்கத்தில் தார் ரோடு இருக்கிறது, உடனே நிலத்துக்கு அட்வான்ஸ். மைன்ஸ் ஆபீஸ், அதாவது கனிமவளத் துறை அலுவலகத்தின் வாசலை மிதிப்பது அதற்கு அப்புறம்தான்.

முதலில் நிலத்தைச் சுற்றி நடக்க வேண்டும். 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் வெட்டக் குத்தகை கிடையாது. குடியிருப்பு என்றால் ஓட்டு வீடும் மாடி வீடும் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கீகாரம் வாங்கிய மனைப்பிரிவும் அதில் சேரும். ஒரு வீடுகூட எழும்பாமல், சீமைக்கருவேல முள்ளுக்குள் மஞ்சள் பெயிண்ட் அடித்த மனைக்கல் நாலு தெரிந்தாலும் போதும், விசாரித்துவிடுங்கள். ஊராட்சியில் கேட்டால் பத்து நிமிட வேலை. கேட்காமல் விட்டால் அட்வான்ஸ் போன மாதிரிதான். ரயில் பாதை, நீர்த்தேக்கம், கால்வாய் இவற்றுக்கு 50 மீட்டர் விட வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் வந்து அளக்கட்டும் என்று காத்திராமல், புலப்படத்தை (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) கையில் வைத்துக்கொண்டு நீங்களே ஒரு தடவை டேப் பிடித்துப் பாருங்கள்.

அடுத்தது கணக்கு. பெரிய பணம் போவது இங்கேதான். ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர், நூறுக்கு நூறு மீட்டர் சதுரம் என்று வைத்துக்கொள்வோம். முப்பது மீட்டர் ஆழம் வெட்டினால் மூன்று லட்சம் கன மீட்டர் கல் என்று தரகர் சொல்வார். பேப்பரில் பெருக்கினால் சரிதான். ஆனால் பக்கத்துப் பட்டா நிலத்தை ஒட்டி 7.5 மீட்டர் விட வேண்டும். நாலு பக்கமும் விட்டால் மேலே மிஞ்சுவது 85-க்கு 85. அப்புறம் படி, அதாவது பாறை சரியாமல் இருக்கப் படிக்கட்டு மாதிரி வெட்டி இறங்குவது. ஐந்து மீட்டர் உயரம், ஐந்து மீட்டர் அகலம் என்று படி வைத்து இறங்கினால், ஒவ்வொரு படிக்கும் நீளம், அகலம் இரண்டிலும் பத்து மீட்டர் குறையும்: 85, 75, 65, 55, 45, 35. ஆறு படியையும் கூட்டினால் 1,16,750 கன மீட்டர்தான் வருகிறது. தரகர் சொன்னதில் பாதிகூட இல்லை. மேலே இருக்கும் மண்ணையும் கிராவலையும் (சரளை மண்) கழித்தால் கல் இன்னும் குறையும். நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும் நிலத்தில் சில சமயம் மூன்றாவது படிக்கே இடம் இருக்காது. நிலத்துக்கு விலை பேசும் முன் இந்தக் கணக்கைப் போடாதவர்கள், கிரஷருக்கு வங்கிக் கடன் வாங்கிய பிறகு போட்டுப் பார்க்கிறார்கள்.

அந்தப் படியை விதிக்காக வரைபடத்தில் போட்டுவிட்டு, களத்தில் சுவர் மாதிரி நேராக வெட்டுவது இன்னொரு பழக்கம். 2022 மே மாதம் திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள். நாலு பேர் பிழைக்கவில்லை. படி வைக்க இடம் போகிறதே என்று அங்கலாய்ப்பவர்களிடம் நான் இந்த ஒரு ஊரின் பெயரை மட்டும் சொல்வேன்.

சுற்றுச்சூழல் அனுமதிக்கு வருவோம். ஐந்து ஹெக்டேருக்குக் கீழே இருந்தால் தொந்தரவு இல்லை என்று இன்னும் சொல்லித் திரிகிறார்கள். அது 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்கில் ஆணையிட்டதோடு போயிற்று. இப்போது சின்னக் குவாரிக்கும் அனுமதி வேண்டும். அதோடு, உங்கள் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் வேறு குவாரிகள் இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பரப்பளவு பார்ப்பார்கள். உங்களுடையது இரண்டு ஹெக்டேர், பக்கத்தில் இருப்பது நாலு ஹெக்டேர் என்றால் மொத்தம் ஆறு, ஐந்தைத் தாண்டிவிட்டது. அப்படியானால் மூன்று மாதம் காற்று, தண்ணீர், இரைச்சல் எல்லாம் அளந்து சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எழுத வேண்டும், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் நடக்க வேண்டும். நிலத்தைத் தம்பி பேரில் பாதி, மச்சான் பேரில் பாதி என்று பிரிப்பதால் எதுவும் மாறாது, கூட்டல் ஒன்றுதான். 500 மீட்டருக்குள் என்னென்ன குவாரி இருக்கிறது என்று கனிமவளத் துறை உதவி இயக்குநர் தரும் கடிதம்தான் உங்கள் செலவையும் காலத்தையும் தீர்மானிக்கும். நிலம் பேசும்போதே அந்த விவரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அறிக்கையை வேறு மாவட்டத்து அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டும் ஆட்களும் உண்டு. ஊர்ப் பெயரை மாற்றுவார்கள், கிணறுகளின் ஆழத்தை மாற்ற மறந்துவிடுவார்கள். கருத்துக் கேட்பில் எழுந்து நிற்கும் விவசாயிக்குத் தன் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் என்று தெரியாதா?

கிராவல் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் கடிக்கும். பாறைக்கு மேல் இரண்டு மீட்டர் கிராவல் இருந்தும் விண்ணப்பத்தில் உடைகல் என்று மட்டும் எழுதினால், கிராவலை விற்க வழி கிடையாது. வெட்டிப் போட இடமும் இருக்காது. உடைகல், கிராவல் இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். கிராவல் மட்டும் எடுப்பதாக இருந்தால் பாறையைப் போல நெட்டுக்குத்தாக நிற்கும் என்று நம்ப வேண்டாம். சரிவு 45 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, அல்லது ஒன்றரை மீட்டருக்கு ஒரு படி வைக்க வேண்டும்.

கூட்டுப் பட்டாவில் ஒருத்தர் கையெழுத்து விட்டுப்போனாலும் கோப்பு நகராது. அளவிலும் கவனம் தேவை. லாரிக்காரர் யூனிட் என்பார், அது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். எவ்வளவு, எப்படி வெட்டுவது என்று சொல்லும் சுரங்கத் திட்டம் கன மீட்டரில் இருக்கும். இரண்டையும் குழப்பி அனுமதித்த அளவைத் தாண்டி எடுத்துவிட்டால், எடுத்த கல்லின் விலையையே அபராதத்தோடு கட்டச் சொல்ல 1957-ஆம் ஆண்டுச் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தில் இடம் இருக்கிறது.

குத்தகைப் பத்திரம் கைக்கு வந்த அன்றே பாறையில் துளை போடும் கம்ப்ரஸரை இறக்கிவிடாதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவு, சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்துக்கு அறிவிப்பு, வெடிமருந்துக்கு உரிமம் உள்ள ஆள், சான்றிதழ் பெற்ற பிளாஸ்டர் (வெடி வைப்பவர்) எல்லாம் அதற்கு முன்னால் வேண்டும். காத்திருக்கும் அந்த மாதங்களில் 7.5 மீட்டர் விட்ட இடத்தில் வேலி போட்டு, வேம்பும் புங்கனும் நட்டுத் தண்ணீர் ஊற்றி வாருங்கள். பசுமை வளையம் எங்கே என்று எப்படியும் கேட்கத்தான் போகிறார்கள். ஒரு மழைக்காலம் பார்த்த செடி அதற்குள் இடுப்பளவுக்காவது வந்திருக்கும்.