பழைய கருவிகளின் காண்டாக்ட் சுத்தம்: முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

பழைய ஆம்ப்ளிஃபயரில் வால்யூமைத் திருகினால் கரகரப்பு, ஒரு பக்க ஸ்பீக்கர் வருவதும் போவதுமாக இருப்பது, ரிமோட்டில் சில பட்டன்கள் மட்டும் வேலை செய்யாதது. பல சமயம் இதற்கெல்லாம் காரணம் காண்டாக்டில், அதாவது மின்சாரம் கடக்க இரண்டு உலோக முனைகள் தொட்டுக்கொள்ளும் இடத்தில், படிந்த ஆக்சைடும் அழுக்கும்தான். சரிசெய்வதும் எளிது. ஆனால் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்த கருவி, அவசரமாகச் செய்த ஒரே சுத்தத்தில் வீணாகிப்போவதுண்டு. அதுதான் மனதை வருத்துகிறது.

முதலில் பாதுகாப்பு. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். கண்ணாடிக் குழாய்கள் உள்ள பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரில், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்களில் பல நூறு வோல்ட் தங்கியிருக்கலாம். மல்டிமீட்டரில் அளந்து பார்த்த பிறகே கை வையுங்கள். பழைய பிக்சர் டியூப் டிவியில் இது ஆயிரக்கணக்கான வோல்ட். அனுபவம் இல்லையென்றால் அதைத் திறக்கவே வேண்டாம்.

அடுத்து, நான் பெரிய தவறு என்று நினைப்பது உப்புத்தாள், அரம், இரும்பு நார் ஆகியவற்றால் தேய்ப்பது. கனெக்டர்களில் இருக்கும் தங்கப் பூச்சு பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூட இருக்காது. அதற்குக் கீழே நிக்கல், அதற்கும் கீழே செம்புக் கலவை. நாலு இழுப்பில் தங்கம் போய்விடும். அன்றைக்குப் பளபளவென்று இருக்கும், கருவியும் ஓடும். அப்புறம் காற்றும் ஈரமும் பட்டு அடியிலுள்ள உலோகம் கறுக்கும்; பழைய கோளாறு இன்னும் மோசமாகத் திரும்பி வரும். போன பூச்சை வீட்டில் மீட்க வழியில்லை. ரிலே, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச், அதன் காண்டாக்டிலும் இதே கதைதான்: உப்புத்தாளின் துகள்கள் மென்மையான வெள்ளியில் பதிந்துகொள்ளும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த கெட்டித் தாளை இரண்டு முனைகளுக்கும் நடுவே வைத்து மெல்ல இழுத்தாலே போதும். வெள்ளி கறுத்திருக்கிறது என்பதற்காக அது கெட்டுவிட்டது என்றும் பொருளில்லை. அந்தக் கருமை மென்மையானது. பல ஸ்விட்சுகளில் இயக்கும்போதே உரசி விலகிவிடும்.

அதனால் எந்த மருந்தையும் தேடுவதற்கு முன், மின்சாரம் இல்லாத நிலையில் கனெக்டரைச் சில தடவை கழற்றி மாட்டுங்கள், ஸ்விட்சை இருபது முப்பது தடவை திருப்புங்கள். பாதிக் கோளாறுகள் இதிலேயே தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஸ்பிரே தேவைப்பட்டால் கையில் கிடைத்ததை அடிக்காதீர்கள். எல்லோர் வீட்டிலும் இருக்கும் சாதாரண டபிள்யூடி-40 எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும், அதில் தூசி ஒட்டும். அதே பெயரில் காண்டாக்ட் கிளீனர் தனியாக வருகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆல்கஹால் வாங்கினால் 99 சதவீதம் உள்ளதே நல்லது. 70 சதவீதத்தில் மிச்சமெல்லாம் பெரும்பாலும் தண்ணீர்தான். அசிட்டோன் பல பிளாஸ்டிக்குகளைக் கரைத்துவிடும், கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும், பல கிளீனர்களும் அப்படியே. ஈரம் முழுவதும் காய்வதற்குள் மின்சாரம் கொடுத்தால் ஒரு சிறு பொறியே ஆபத்தாகிவிடும்.

வால்யூம் கன்ட்ரோலுக்குத் தனிக் கவனம் வேண்டும். கொழுப்பை அடியோடு நீக்கும் கிளீனரை அடித்தால் உள்ளிருக்கும் மசகும் கழுவிப்போகும். பிறகு உள்ளே முனை உரசி நகரும் கார்பன் தடம் வறண்டு தேயும். மசகு கலந்த, இதற்கென்றே வரும் கிளீனரைக் கொஞ்சமாக விடுங்கள். ரிமோட்டின் கறுப்பு ரப்பர் பட்டன்களையும் அழுத்தித் தேய்க்கக் கூடாது, கார்பன் பூச்சு உரிந்துவிடும்.

பேட்டரி கசிந்த இடத்தில் எல்லோரும் சமையல் சோடாவைத்தான் தேடுகிறார்கள். அல்கலைன் பேட்டரியில் கசிவது காரம். அதற்கு நீர்த்த வினிகர் வேண்டும். பழைய கார்பன்-துத்தநாக பேட்டரியின் கசிவு அமிலத்தன்மை உள்ளது, சோடா அதற்குத்தான். எதைப் போட்டாலும் பிறகு ஆல்கஹாலில் துடைத்து உலர விடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கோளாறு நீங்கவில்லையா? மீண்டும் மீண்டும் ஸ்பிரே அடிப்பதை நிறுத்திவிட்டு வேறு இடத்தில் பாருங்கள். ஸ்பிரிங் தகடு தளர்ந்திருக்கலாம், சர்க்யூட் பலகையில் சோல்டரிங் விரிசல் விட்டிருக்கலாம். வால்யூம் கரகரப்பு போகவேயில்லை என்றால், அதற்கு முன்னாலுள்ள கெப்பாசிட்டர் வழியே டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் மாற்ற வேண்டியது அந்தக் கெப்பாசிட்டரைத்தான்.