குழாய் வைத்த விக்ட்ரோலாவா? பணத்தை எடுக்காதீர்கள்

பழைய பாட்டுப்பெட்டி சேர்க்க வருகிறவர்கள் சாவி கொடுப்பதையும் ஊசி மாற்றுவதையும் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். பெயரில்தான் திரும்பத் திரும்ப வழுக்குகிறார்கள். நாங்கள் எல்லோரும் வழுக்கிய அதே இடம்தான். புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளைத்தான் கீழே தலைப்புகளாக வைத்திருக்கிறேன்.

எல்லாப் பழைய பெட்டியும் விக்ட்ரோலா

எரிச்சல் வருவது இதில்தான். விக்ட்ரோலா என்பது பொதுப்பெயர் இல்லை, ஒரு கம்பெனியின் வணிகப்பெயர். அமெரிக்காவின் கேம்டன் நகரில் எல்ட்ரிட்ஜ் ஜான்சன் 1901-ல் விக்டர் டாக்கிங் மெஷின் கம்பெனியைத் தொடங்கினார். சத்தத்தைப் பெருக்கும் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவருடைய பெட்டிகளுக்கு வெறும் ‘விக்டர்’ என்றுதான் பெயர். 1906-ல் அந்தக் குழாயை மடக்கி மரப்பெட்டிக்குள் ஒளித்து, முன்னால் கதவு வைத்தார்கள். கதவைத் திறந்தால் சத்தம் கூடும், சாத்தினால் அடங்கும். அதற்குத்தான் விக்ட்ரோலா என்று பெயரிட்டார்கள். ‘ஓலா’ என்ற வால் அன்று புகழோடு இருந்த பியானோலா என்ற தானியங்கி பியானோவைப் பார்த்து ஒட்டியது என்பார்கள். வால் நன்றாக விலைபோனது; போட்டிக் கம்பெனியான கொலம்பியாவும் கிராஃபனோலா என்று இறங்கியது.

ஆக, பள்ளிக்கூடங்களுக்கென்று செய்த ஒரு மாடலை விட்டுவிட்டால், குழாய் வெளியே தெரிகிற பெட்டி விக்ட்ரோலா இல்லை. இது தெரியாத ஒரு தம்பி, பளபளக்கும் பித்தளைக் குழாயோடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். “1905 விக்ட்ரோலா, அண்ணே!” பெயர் பிறக்கும் முன்பே பெட்டி பிறந்துவிட்டது போலிருக்கிறது. பலகையைக் கழற்றினால் உள்ளே சூட்கேஸ் கிராமபோனிலிருந்து பிடுங்கிய மோட்டார். குழாயோ நேற்று அடித்தது. அதற்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கும் பணம் கொடுத்திருந்தார். இப்படி ஒட்டுப்போட்ட பெட்டிகள் நம் நாட்டிலேயே தயாராகி வெளிநாட்டுக்கும் போகின்றன. விற்பவர் அந்தப் பெயரைச் சொன்னால் முதலில் கதவைத் தேடுங்கள், அப்புறம் மாடல் எண் பொறித்த தகட்டைத் தேடுங்கள்.

நாய்ப்படம் இருந்தால் அசல்

குழாய் முன் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் நாய், விக்டர் கம்பெனியின் முத்திரைதான். ஆனால் ஸ்டிக்கர் ஒட்ட யாருக்குத் தெரியாது?

கிராமபோன் எடிசனுடையது

இல்லை. 1877-ல் எடிசன் செய்தது போனோகிராஃப், உருளையில் பாடுவது. தட்டில் பாடும் கிராமபோன் எமில் பெர்லினருடையது, 1887.

எல்.பி. தட்டை வைத்துப் பார்ப்பது

வேண்டவே வேண்டாம். எல்.பி. என்பது பின்னால் வந்த வினைல் தட்டு. ஊசியைப் பிடித்திருக்கும் சவுண்ட் பாக்ஸின் கனமும் எஃகு ஊசியும் சேர்ந்து வினைலை ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய அரக்குத் தட்டு மட்டும் போடுங்கள், அதுவும் பக்கத்துக்கு ஒரு புது ஊசி.