யூதர்களைப் பத்தி ஃபார்வர்டு வந்தா எப்படி படிக்கணும்

காஸா செய்தி சூடா இருக்கிற நாள்லாம் குரூப்ல கூடவே "யூதர்களோட ரகசியத் திட்டம்"னு ஒரு ஃபார்வர்டும் வந்துடுது, போன வாரம் எங்க பெரியப்பாவே போட்டாரு. கோபம் நியாயமானதா இருக்கலாம், ஆனா அந்தக் கோபத்துல எதை ஏத்தி அனுப்புறாங்கன்னு பார்க்கத் தெரியணும்.

முதல்ல, யாரைப் பத்திப் பேசுதுன்னு பாருங்க. இஸ்ரேல் அரசு இங்க குண்டு போட்டுச்சு, பாலஸ்தீனர்கள் வாழுற வெஸ்ட் பேங்க்ல யூதக் குடியிருப்பு கட்டுதுன்னா அது ஒரு அரசு செஞ்ச வேலை, மத்த செய்தி மாதிரியே சரிபார்த்துட்டு தாராளமா திட்டலாம். இஸ்ரேல் உருவான 1948-ல சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடு வாசல் இழந்தாங்கன்னு சொல்றது யூத வெறுப்பு இல்ல, நடந்த வரலாறு. அதையும் வெறுப்புன்னு முத்திரை குத்தி வாயை அடைக்கிறவங்க இருக்காங்க, அது தப்பு. ஆனா "யூதனுங்கன்னாலே இப்படித்தான்"னு வாக்கியம் திரும்புச்சுன்னா அங்கயே நின்னுடுங்க.

அடுத்தது, கதையோட வயசைத் தேடுங்க. பெரியப்பா போட்டதோட மூலம் "சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்"னு 1903-ல ரஷ்யாவுல ஒரு பத்திரிகைல வந்த சரக்கு. உலகத்தையே பிடிக்க யூதத் தலைவர்கள் கூடிப் பேசினாங்களாம், ஆனா பேசினவன் பேரே உள்ள கிடையாது. 1921-ல லண்டன் டைம்ஸ் அதை மோரிஸ் ஜோலிங்கிற பிரெஞ்சுக்காரர் 1864-ல எழுதின புத்தகத்தோட பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுச்சு, பத்தி பத்தியா காப்பி! ஜோலி எழுதினது அப்ப பிரான்ஸை ஆண்ட மூணாம் நெப்போலியனைத் தாக்கி, அதுல யூதர்கள் பேச்சே இல்ல. இவ்வளவு அம்பலமாகியும் 1988-ல பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஹமாஸோட சாசனம் வரைக்கும் அது வந்து நிக்குது, அதான் எனக்கு ரொம்ப வேதனை.

மூணாவது, வார்த்தையை மாத்திப் பாருங்க. "சியோனிஸ்ட்"ங்கிற (யூதர்களுக்குன்னு ஒரு தாயகம் வேணும்னு சொல்றவங்க) இடத்துல "யூதன்"னு போட்டா பழைய புளுகு அப்படியே வருதா? 1968-ல போலந்து அரசு சியோனிஸ்டுகளை எதிர்க்கிறோம்னுதான் சொன்னுச்சு, வேலை போனது அங்கயே பொறந்து வளர்ந்த யூதர்களுக்கு, அதுல பல பேர் ஆளுங்கட்சியான கம்யூனிஸ்ட் கட்சிக்காரங்க. ஹிட்லர் காலத்துல போலந்து யூதர்கள் 30 லட்சம் பேரைப் பறிகொடுத்து மிஞ்சியிருந்த கொஞ்சம் பேர்லயும் 13,000 பேருக்கு மேல நாட்டை விட்டே போனாங்க.

"எல்லா யூதனும் ஒண்ணு"ன்னு வந்தா 1897-ஐ எடுத்துக் காட்டுங்க. அந்த ஆகஸ்ட்ல சுவிட்சர்லாந்துல பாசல் நகரத்துல சியோனிஸ்ட் தலைவர் ஹெர்சல் மாநாடு கூட்டி பாலஸ்தீனத்துல யூதர்களுக்குத் தாயகம் வேணும்னாரு, ரெண்டே மாசத்துல அப்ப ரஷ்யப் பேரரசுல இருந்த வில்னால பூண்ட்ங்கிற யூதத் தொழிலாளர் கட்சி ஆரம்பிச்சவங்க நாங்க பொறந்த மண்ணுலயே உரிமைக்குப் போராடுவோம், எங்க மொழி கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசுற இத்திஷ்னாங்க. ரெண்டு பக்கமும் வருஷக்கணக்கா மோதிக்கிட்டாங்க. ஆனா நாடு வேணும்னவங்க பயம் சும்மா வந்ததில்ல, 1791-லயே யூதர்களுக்குச் சம உரிமை குடுத்த பிரான்ஸ்ல, 1894-ல டிரைஃபஸ்ங்கிற யூத ராணுவ அதிகாரியை செய்யாத தேசத்துரோகத்துக்குத் தண்டிச்சு, அப்புறம் தீவுச் சிறைக்கு அனுப்பினாங்க, நிரபராதின்னு கோர்ட் சொல்ல 1906 ஆச்சு.

கடைசியா, குரூப்லயே வச்சு யாரையும் அவமானப்படுத்தாதீங்க, தனியா கூப்பிட்டுப் பேசுங்க. நான் பெரியப்பாவுக்கு போன் போட்டு ஜோலி கதையை மட்டும்தான் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசவே இல்ல, சாயங்காலம் பார்த்தா மெசேஜை அவரே டெலீட் பண்ணியிருந்தாரு.