சிவப்புக் குல்லாய்ச் சிறுமியை முந்திரித் தோப்புக்கு அழைத்து வருவது எப்படி?

வெளிநாட்டுக் கதையில் பெயரை மட்டும் மாற்றினால் அது நம்ம ஊர்க் கதை ஆகிவிடாது. சிறுமிக்கு லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டு, ஓநாயையும் வெண்ணெய்க் கிண்ணத்தையும் அப்படியே விட்டால் பிள்ளையின் மனக்கண்ணில் என்ன வரும்? கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கதை சொல்கிறேன். அதில் பிடிபட்ட வழியைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன். எடுத்துக்காட்டு, சிவப்புக் குல்லாய் போட்ட சிறுமியின் கதை.

1. பழைய வடிவங்களைப் படியுங்கள்

சார்ல் பெரோ 1697இல் வெளியிட்ட பிரெஞ்சு வடிவத்தில், ஓநாய் சிறுமியைத் தின்றுவிடுகிறது. அதோடு கதை முடிந்தது. வேட்டைக்காரர் வந்து வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றுவது 1812இல் வந்த கிரிம் சகோதரர்களின் வடிவத்தில். இரண்டும் தெரிந்தால்தான் எதை எடுப்பது, எதை விடுவது என்று துணிவு வரும். புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், பெரோவில் பாட்டி கதவைத் திறக்கச் சொல்லும் வரியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அர்த்தம் புரியாவிட்டாலும் சந்தம் காதில் நிற்கும்.

2. எலும்பை மட்டும் எழுதுங்கள்

ஐந்து வரி போதும். காய்ச்சலில் பாட்டி. சாப்பாடு கொண்டுபோகும் பேத்தி. வழியில் பேச்சுக் கொடுக்கும் விலங்கு. வேடிக்கையில் நேரம் போகிறது. பாட்டி வேஷத்தில் விலங்கு.

3. பொருளை மாற்றுங்கள், கதையில் அது செய்யும் வேலையை மாற்றாதீர்கள்

இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும். காடு நமக்குப் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பு. ஓநாய், நரி. பாட்டியை நம்ம பக்கம் ஆயா என்போம், கதையிலும் ஆயாதான். அப்பமும் வெண்ணெயும் போய், தூக்குவாளியில் கஞ்சியும் நெத்திலிக் கருவாட்டுத் துவையலும்.

பெரோவின் சிறுமி வழியில் கொட்டைகள் பொறுக்குகிறாள், பட்டாம்பூச்சி பின்னால் ஓடுகிறாள். நம்ம பெண் முந்திரிப்பழம் பொறுக்கட்டும். அங்கே எனக்கு ஒரு புதையல் கிடைத்தது. மூலத்தில் ஓநாயின் கரகரத்த குரலைக் கேட்டு, பாட்டிக்குச் சளி பிடித்திருக்கிறது என்று சிறுமி நினைப்பாள். முந்திரிப்பழத்தை உப்புத் தொடாமல் தின்றால் தொண்டை என்ன ஆகும் என்று நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்? “ஆயா, உப்புப் போடாம பழம் தின்னுட்டியா?” என்று பேத்தி கேட்கிறாள். அந்த ஒரு கேள்வியில் கதை முழுசாக நம்முடையதாகிவிட்டது.

4. மாதத்தைச் சரிபாருங்கள்

முதல் தடவை சொன்னபோது குல்லாய்க்குப் பதில், ஐப்பசி மழைக்குக் கோணியை மடித்துத் தலையில் போட்டுவிட்டேன். எட்டு வயதுப் பெண் ஒருத்தி உடனே நிறுத்தினாள். “அடைமழையில ஏதுக்கா முந்திரிப்பழம்?” அவள் சொன்னது சரி. பழம் பங்குனி, சித்திரையில். அடுத்த வாரமே கதையைச் சித்திரை வெயிலுக்கு மாற்றி, தலையில் நனைத்துப் போட்ட சிவப்புத் துண்டு வைத்தேன். பருவம் பொருந்தியதும் முடிவும் தானாக வந்தது: தோப்பில் கொட்டை பொறுக்கும் பெண்கள் ஆயா வீட்டில் சத்தம் கேட்டுக் கம்போடு ஓடி வருகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த முடிவைத்தான் சொல்கிறேன். ஆயாவும் குதிருக்குப் பின்னால் பத்திரமாக ஒளிந்திருப்பாள்.

5. பாட்டைப் பேச்சு மொழியில் கட்டுங்கள்

பாட்டி வேஷத்தில் இருக்கும் ஓநாயிடம் சிறுமி கேட்கும் கேள்வி-பதிலைத்தான் பாட்டு என்கிறேன். அதை அப்படியே மொழிபெயர்க்கப் பார்த்தால் சந்தம் உடையும். கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரே ஈற்றொலி தேடுங்கள்:

ஆயா ஆயா, காது ஏன் நீளம்?
நீ பேசுறதக் கேக்கத்தான்டி!
ஆயா ஆயா, கண்ணு ஏன் பெருசு?
நீ வர்றதப் பாக்கத்தான்டி!

கைதட்டிச் சொல்லிப் பாருங்கள். தட்டு தடுக்கினால் சொல்லைக் குறையுங்கள்.

6. தாளை மூடிவிட்டுச் சொல்லுங்கள்

பிள்ளைகளை ‘உம்’ கொட்டச் சொல்லுங்கள். ‘உம்’ எங்கே தேய்கிறதோ அந்த இடத்தில் கதை நீளம், அன்றைக்கே வெட்டுங்கள். பாட்டின் கடைசிக் கேள்வியை மட்டும் நீங்கள் முடிக்காதீர்கள். “ஆயா ஆயா, பல்லு ஏன்…” என்று குரலை இறக்கி நிறுத்துங்கள். எங்கள் திண்ணையில் அந்த நேரம் பக்கத்துப் பிள்ளையின் கையை இறுகப் பிடித்துக்கொள்ளாத பிள்ளையே கிடையாது.