விண்ணப்பம் நிரப்ப நண்பனைக் கூப்பிடுங்கள், ஆனால் தட்டச்சு செய்ய அல்ல

மூன்று கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தேன். முதலாவதைத் தனியாக நிரப்பிச் சொதப்பினேன். மற்ற இரண்டும் நண்பன் பக்கத்தில் இருந்ததால் ஒழுங்காக முடிந்தன. அந்த முறைதான் இது. கல்லூரித் தளத்தில் கணக்கு தொடங்குவதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

படி 1: சான்றிதழ்களைப் படிவம் கேட்கும் வரிசையில் அடுக்குங்கள். பெயர் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். ஒன்றில் முதலெழுத்து, இன்னொன்றில் முழுப்பெயர் என்று இருந்தால், என்ன செய்வது என்று கல்லூரியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் பதில் வராது.

படி 2: நண்பன் வாசிக்க வேண்டும், நீங்கள் அடிக்க வேண்டும். சான்றிதழ் அவன் கையில் இருக்கட்டும். பதிவு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

நான் மாட்டியது பிறந்த தேதியில். ஜூலை 4 என்பதை வழக்கம்போல 04/07 என்று அடித்தேன். அந்தப் படிவமோ மாதத்தை முதலில் கேட்டது. பெட்டிக்கு மேல் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள், நான் பார்க்கவில்லை. ஏப்ரல் 7 ஆகிவிட்டது. அதுவும் சரியான தேதிதானே, படிவம் வாயே திறக்கவில்லை. 13-ம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்திருந்தால் பதின்மூன்றாவது மாதம் ஏது என்று சிவப்பில் காட்டியிருக்கும். 12-க்குள் பிறந்தவர்கள்தான் இப்படிச் சிக்குவோம். அதைத் திருத்த மூன்று கடிதம் எழுதினேன். ஆகவே தேதியை வாசிக்கும்போது மாதத்தைப் பெயராகச் சொல்லட்டும்.

முடித்ததும் இடம் மாறுங்கள். இப்போது அவன் திரையைப் பார்த்து வாசிக்க, நீங்கள் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். அடித்தவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

கடவுச்சொல்லை மட்டும் அவனிடம் கொடுக்காதீர்கள். கட்டுரை கேட்டால் அதையும் நீங்களே எழுதுங்கள்.

படி 3: ஸ்கேன். கோப்பு பெரிதாக இருக்கிறது என்று தளம் திருப்பித் தள்ளினால், ஸ்கேனர் அமைப்பில் 300 டிபிஐ-யை (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற அளவு) 150 ஆக்குங்கள். ஏ4 தாள் 300-ல் 2480 × 3508 புள்ளிகள், 150-ல் 1240 × 1754. மொத்தப் புள்ளிகள் நான்கில் ஒன்றாகிவிடும். வண்ணம் கேட்காத இடத்தில் கருப்பு-வெள்ளைச் சாயலிலேயே எடுங்கள், இன்னும் குறையும். கோப்பைச் சுருக்கித் தரும் இணையதளங்கள் எனக்குப் பிடிக்காது. நம் சான்றிதழை யாரோ ஒருவருடைய கணினிக்கு ஏன் அனுப்ப வேண்டும்? ஸ்கேனர் அமைப்பிலேயே வேலை முடிந்துவிடும். அப்புறம் முத்திரைக்குள் இருக்கும் எழுத்தை நண்பனிடம் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். அவன் திணறினால் மறுபடி எடுங்கள்.

கோப்புப் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும். இடைவெளி, அடைப்புக்குறி இருந்தால் சில தளங்கள் முரண்டு பிடிக்கும்.

படி 4: அனுப்பும் முன் முழுப் படிவத்தையும் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். வெளிநாட்டுக் கல்லூரி என்றால், கடைசி நாள் நள்ளிரவு என்பது எந்த ஊர் நேரம் என்றும் பாருங்கள்.

பிற்சேர்க்கை: ஐஃபோனில் எடுத்த படத்தைத் தளம் ஏற்கவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அது ஹெச்இஐசி வடிவத்தில் இருக்கும், பல தளங்கள் ஜேபெக் மட்டுமே வாங்கும். செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறுபடி எடுங்கள். பழைய படத்தின் பெயரில் கடைசி எழுத்துகளை மட்டும் மாற்றினால் வடிவம் மாறாது. நானும் அதைச் செய்து பார்த்தவன்தான்.