டக்ளஸின் நான்கு எழுத்துகளை வகுப்பில் நடத்துவது எப்படி?

அமெரிக்க அடிமை ஒழிப்புப் போராளி ஃபிரெடரிக் டக்ளஸ் எழுத்துக் கற்றதை வாயால் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். சாக்பீஸைக் கையில் கொடுத்துவிடுங்கள். குழுவுக்கு 6 அட்டைத் துண்டுகள், ஒருபக்கம் எழுதித் தீர்ந்த பழைய நோட்டு ஒன்று; வேறெதுவும் வேண்டாம். ஒரு மணி நேரம் ஆகும்.

முன்கதைக்கு ஐந்து நிமிடம். 1818-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். 1826-இல் பால்டிமோருக்கு அனுப்பப்பட்டார். வீட்டுக்காரி சோஃபியா ஆல்ட் மூன்று நான்கு எழுத்துச் சொற்கள் வரை சொல்லிக்கொடுத்தார்; கணவர் தடுத்துவிட்டார். பிறகு தெருப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்துப் பாடம் வாங்கினார்.

இனி அட்டைகள். அந்தக் காலத்துக் கப்பல் பட்டறையில் மரங்கள்மேல் எந்தப் பக்கத்துக்கு என்று ஆங்கில எழுத்தில் குறித்திருப்பார்கள்: எல் என்றால் இடப்பக்கம், எஸ் வலப்பக்கம், கூடவே எஃப் வந்தால் முன்புறம், ஏ வந்தால் பின்புறம். எல், எஸ், எல்எஃப், எஸ்எஃப், எல்ஏ, எஸ்ஏ என ஆறிலும் எழுதி, தரையில் கப்பல் வடிவமாக அடுக்கச் சொல்லுங்கள். பிறகு அட்டையைக் கவிழ்த்து, நினைவிலிருந்து எழுதட்டும். டக்ளஸ் முதலில் எழுதப் பழகியது இந்த நான்கு எழுத்துகளைத்தான்.

அடுத்து அவர் செய்த தந்திரம். தெரிந்த எழுத்தைச் சுவரில் எழுதி, "இதைவிட நன்றாக எழுது பார்க்கலாம்" என்று சவால் விடுவார். எதிராளி எழுதுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார். வகுப்பில் இதை ஆடும்போது எதிராளி ஒரு சொல்லுக்கு மேல் எழுதக்கூடாது. கெட்டிக்காரப் பிள்ளை முழு வாக்கியம் எழுதினால் ஆட்டம் அங்கேயே படுத்துவிடும். கடைசியாக, பழைய நோட்டின் வரிகளுக்கு நடுவே அதே கையெழுத்தைப் பார்த்து எழுதட்டும். முதலாளி மகனின் நோட்டில் அவர் செய்தது அதுதான்.

பெரும்பாலும் பிசகுவது இங்கே: "படித்தார், விடுதலையானார்" என்று முடித்துவிடுகிறோம். வாசிப்பும் எழுத்தும் வேறு வேறு. தென் கரோலினாவின் 1740 சட்டம் அடிமைகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தால் 100 பவுண்டு அபராதம் என்றது. எழுதத் தெரிந்தவன், அடிமை வெளியே போக எஜமான் எழுதித் தரும் அனுமதிச் சீட்டைத் தானே எழுதிக்கொள்வானே! 1836-இல் தப்பியோடத் திட்டமிட்ட டக்ளஸ், தனக்கும் கூட்டாளிகளுக்கும் அப்படித்தான் எழுதினார். திட்டம் வெளியாகிவிட, தன் சீட்டை நெருப்பில் போட்டார். கூட்டாளிகளை அவரவர் சீட்டைத் தின்றுவிடச் சொன்னார்.

1838 செப்டம்பர் 3 அன்று, வேறொருவரின் அடையாளம் எழுதிய கடலோடிச் சான்றிதழைக் காட்டி ரயிலில் தப்பினார். அதேபோல ஒரு சான்றிதழைத் தயாரித்து, ஐந்து விநாடி மட்டும் காட்டுங்கள். பிழை கண்டுபிடிக்கிறார்களா பாருங்கள். ரயில் நடத்துநரும் மேலோட்டமாகத்தான் பார்த்தார். யாரையும் அடிமையாகவோ எஜமானாகவோ நடிக்க வைக்காதீர்கள்.

கரும்பலகையில் 1838-க்குப் பக்கத்தில் 1846 என்றும் எழுதுங்கள். பிரிட்டிஷ் ஆதரவாளர்கள் எஜமானுக்கு 150 பவுண்டு கொடுத்த பிறகே சட்டப்படி அவர் விடுதலையானார்.