நீதிமன்றத்துக்கு வரும் அரச காசைப் பின்தொடர்வது எப்படி?

இலங்கையில் உங்கள் ஊரில் புதிய நீதிமன்றக் கட்டடம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டால் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: ஆளணிக்கு, அதாவது அங்கே வேலை செய்ய வேண்டியவர்களின் பதவிகளுக்கு, அங்கீகாரம் கிடைத்துவிட்டதா? நான் அரச கணக்குக் கிளையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். மூதூர், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கமிருந்து வரும் பிள்ளைகளுக்கு வரவு செலவுத் திட்டப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

காசு எங்கே இருக்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நமது நீதிமன்றங்களுக்கான பணம் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகத்திலும்) இல்லை, கிழக்கு மாகாண சபையிலும் இல்லை. கொழும்பில், நீதி அமைச்சின் கீழ் இருக்கிறது. நிதி அமைச்சின் இணையத்தளத்தில் வருடாந்த மதிப்பீடுகள் தமிழிலும் கிடைக்கும். அதில் ஒவ்வொரு அமைச்சுக்கும் திணைக்களத்துக்கும் தலைப்பு என்று ஓர் எண் இருக்கும்: 110 நீதி அமைச்சு, 228 நீதிமன்ற நிர்வாகம். புதுக் கட்டட வேலை எதன் கீழ் வந்திருக்கிறது என்று 110, 228 இரண்டையும் பாருங்கள்.

பக்கத்தைத் திறந்ததும் எண்கள் மிரட்டும். மூலையில் ரூபா ஆயிரத்தில் என்று போட்டிருப்பார்கள். 25,000 என்று இருந்தால் மூன்று பூச்சியம் சேர்த்து இரண்டரைக் கோடி என்று வாசிக்க வேண்டும். செலவுக் குறியீடு 1 இல் தொடங்கினால் சம்பளம்போல வருடாவருடம் திரும்ப வரும் மீண்டெழும் செலவு, 2 இல் தொடங்கினால் கட்டடம்போலச் சொத்துக்குப் போகும் மூலதனச் செலவு. 2104 புதுக் கட்டடம், 2001 இருக்கும் கட்டடத்தைத் திருத்துவது, 1303 கட்டடப் பராமரிப்பு, 1001 சம்பளம். இந்த நான்கையும் ஒரு கொப்பியில் வருடவாரியாக எழுதுங்கள். 2104 ஏறிக்கொண்டே போய், 1001 உம் 1303 உம் அசையாமல் நின்றால், கட்டடம் வரும், அதைத் திறந்து நடத்த ஆள் வருவது சந்தேகம். நான் முதலில் தேடுவது இதைத்தான்.

ஒதுக்கியது வேறு, செலவழித்தது வேறு. மதிப்பீட்டில் பழைய ஆண்டின் உண்மைச் செலவும் ஒரு நிரலில் இருக்கும். இரண்டுக்கும் இடைவெளி பெரிதென்றால் காரணம் தேடுங்கள். நமது பக்கத்தில் ஒரு காரணம் கண்முன்னே தெரிவது. நிதியாண்டு டிசம்பர் 31 இல் முடிகிறது, செலவாகாத ஒதுக்கீடு அதோடு காலாவதியாகிவிடும். கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரி, மதிப்பிட்டு, ஒப்பந்தம் எழுதி, அத்திவாரம் வெட்டத் தொடங்கும்போது ஐப்பசி வந்துவிடுகிறது. பிறகு கார்த்திகை, மார்கழி என்று வாடைமழை. வெட்டிய குழியில் தண்ணீர் நிற்கும், காசு கொழும்பிலேயே நிற்கும். 2025 இல் வரவு செலவுத் திட்டமே பெப்ரவரியில்தான் பாராளுமன்றத்துக்கு வந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் நேரம் இன்னும் குறைவு. திருகோணமலையில் கட்டுவதென்றால் முந்திய ஆண்டிலேயே காணியும் வரைபடமும் தயாராக இருக்க வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

அடுத்தது ஆளணி. இங்கேதான் பலர் தடுமாறுவார்கள், ஏனென்றால் கட்டடமும் ஆளும் வெவ்வேறு வாசலால் வருகின்றன. கட்டடத்துக்கான முன்மொழிவு அமைச்சின் திட்டமிடல் பிரிவில் தொடங்கி, தேசிய திட்டமிடல் திணைக்களத்துக்கும் திறைசேரிக்கும் போகும். புதிய பதவிகளுக்கோ முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அங்கீகாரம் வேண்டும். நீதவான்களையும் மாவட்ட நீதிபதிகளையும் நியமிப்பது நீதிச்சேவை ஆணைக்குழு. இத்தனை மேசைகளும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை.

நிரப்பப்படாத ஒரு பதவி வெற்றிடம் என்ன செய்யும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வடக்குக் கிழக்கு நீதிமன்றங்களில் அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரைப்படி வழக்கு பெரும்பாலும் தமிழில் நடக்கிறது. ஆனால் நமது மாவட்டத்தில் சிங்களம் மட்டும் தெரிந்தவர்களும் வழக்குக்கு வருகிறார்கள். அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் உரிமை. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா வெருகலிலிருந்து விடிய முதல் பஸ் பிடித்து, சாப்பாட்டுப் பொதியோடு வந்து, மதியம்வரை வாங்கில் காத்திருந்தார். எதிர்த்தரப்புச் சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லை. வழக்குக்குத் தவணை போட்டார்கள். கூலிநாள் போனது, பஸ்காசு போனது. நல்ல சீமெந்துக் கட்டடம்தான், மின்விசிறியும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆகவே தகவல் கேட்டு எழுதுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. நீதி அமைச்சின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலைநாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். ‘ஏன் தாமதம்?’ என்று கேட்டால் இரண்டு வரியில் பதில் எழுதி முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். நான் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுப்பது இப்படி:

“இந்த நீதிமன்றத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு, தற்போது கடமையிலிருப்போர் எவ்வளவு என்பதைப் பதிவாளர், மொழிபெயர்ப்பாளர், சுருக்கெழுத்தாளர் எனப் பதவிவாரியாகத் தரவும். புதிய கட்டடத்துக்கென மேலதிக ஆளணி கோரி முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்துக்கு அனுப்பிய கடிதத்தின் பிரதியையும் அதற்கு வந்த பதிலையும் தரவும். ஒப்பந்தத் தொகை, இதுவரை செலுத்திய தொகை, முடிவுத் திகதி, நீடிப்பு வழங்கப்பட்டிருப்பின் அதன் திகதி ஆகியவற்றைத் தரவும்.”

கடிதம் எதுவும் அனுப்பப்படவில்லை என்று பதில் வந்தால் அதுவே பெரிய தகவல். பதில் மறுக்கப்பட்டால் அதே நிறுவனத்தில் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

அதே சட்டத்தின் 9 ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேல், வெளிநாட்டு நிதியில் 1 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் போகும் திட்டங்களின் விபரத்தை வேலை தொடங்க மூன்று மாதம் முன்னரே அமைச்சர் மக்களுக்கு அறிவிக்க வேண்டும். எந்த நீதிமன்றக் கட்டடமும் இந்தத் தொகையைத் தாண்டிவிடும். அறிவித்தல் எங்கே என்று கேளுங்கள்.

வேலை நடக்கும்போது, அரச கணக்குகளைச் சரிபார்க்கும் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளில் இதே தலைப்பு எண்களைத் தேடுங்கள். வெற்றிடங்களும் செலவாகாத மூலதன ஒதுக்கீடுகளும் அங்கே பேசப்படும். அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகளை அமைச்சுகள் ஆண்டின் நடுப்பகுதியில் தயாரிக்கத் தொடங்கும். உங்கள் கடிதம் அதற்கு முன், சித்திரை, வைகாசியில் பதிவுத் தபாலில் போய்ச் சேர வேண்டும். தபால் பற்றுச்சீட்டை அந்தக் கொப்பியிலேயே ஒட்டி வையுங்கள். மேன்முறையீட்டுக்கு அது தேவைப்படும்.